நெட்டையனுக்கு அப்பன் வைத்த பெயர்

இன்று காலை பண்டாரவளை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரின் கம்பளிக் கோட்டு மழையில் நனைந்திருந்தது. ஈரக் கம்பளிக்கு ஒரு வாடை உண்டு. நனைந்த நாயும் அந்துருண்டையும் சேர்ந்த மாதிரி.

முதல் பெரிய யுத்தம் முடிந்திருந்த சமயம் பதுளைக் கடைவீதி முழுக்க இந்த வாடைதான். ரயில் அப்போது பதுளைவரை வரவில்லை. பட்டாளத்துப் பழைய கோட்டுகள் மாட்டுவண்டியில் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தோட்டத்து ஆட்கள் மழைக்கு வாங்கிப் போட்டுக்கொள்வார்கள். தெமோதரைப் பக்கம் தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு படையே மலையில் கொழுந்து பறிப்பதுபோல் இருக்கும். இந்த வரியை அப்போது வேலை பார்த்த கொழும்புப் பத்திரிகைக்குப் பெருமையோடு எழுதியனுப்பினேன். வெட்டிவிட்டார்கள்.

கோட்டுக் கடையில்தான் செல்லாயியைப் பார்த்தேன். ஒவ்வொரு கோட்டாகக் காலரைப் புரட்டி முகர்ந்துகொண்டிருந்தாள்.

"கோட்டு வாங்க வந்தீங்களா, மோந்து பாக்க வந்தீங்களா?" என்றார் கடைக்கார நானா.

"எங்க வீட்டுக்காரருது வந்திருந்தாலும் வந்திருக்குங்க."

கொஸ்லந்தைப் பக்கத் தோட்டத்துக்காரி. இந்தியாவுக்கு, சொந்த ஊருக்குப் போய்ப் பட்டாளத்தில் சேரப்போவதாகச் சொல்லிவிட்டுப் புறப்பட்ட புருஷனைப் பற்றி அதன்பிறகு தகவல் இல்லை. தாலி இருக்கலாமா, கழற்ற வேண்டுமா? அவளுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான்.

விசாரிக்கிறேன் என்றேன். எனக்கு அப்போது எல்லாமே செய்தி. தோட்டத்து ஆட்களின் பெயர் பதியும் செக்ரோலில் அவன் 'நெட்டையன்'. கங்காணி வைத்தது, ஆட்கள் குடியிருந்த லயத்திலும் அதுவே நிலைத்துவிட்டது. அந்தப் பெயரில் பட்டாளத்தில் எவரும் இல்லை என்று சென்னையிலிருந்து பதில் வந்தது. அப்பன் வைத்த பெயர் வேண்டும். கங்காணி இறந்துவிட்டார். இனி அது தெரிந்தவள் செல்லாயி ஒருத்திதான்.

"புருசன் பேரச் சொன்னா அவரு ஆயுசு கொறையுமுங்க."

"சொன்னாத்தானே இருக்காரான்னு கேக்க முடியும்?"

"சொல்லிட்டா எப்படிங்கய்யா இருப்பாரு?"

தீபாவளி கழித்து மறுபடி வந்தாள். கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று ஒரே ஒரு தரம் சொன்னாள். சொல்லும்போது தாலியைக் கையால் பொத்திக்கொண்டிருந்தாள். எழுதிக்கொண்டேன்.

பதில் வருவதற்குள் ஒரு மழைக்காலம் போயிற்று. இறந்தவர்களில் இல்லை, காணாமல் போனவர்களில் இல்லை, சேர்ந்தவர்களிலேயே இல்லை. வேறு பெயர் கொடுத்துச் சேர்ந்தானோ, சேராமலே எங்காவது தங்கிவிட்டானோ. அதே கடையில் வைத்து அவளுக்குச் சொன்னேன்.

அவள் அழவில்லை. "அப்ப செத்துட்டாருங்களா?"

"அதுவும் தெரியலம்மா."

நானா பிளேன்டீ கொடுத்தார். முழுவதும் குடித்து, கோப்பையைக் கழுவி வைத்தாள்.

"பேரச் சும்மாவே சொல்லிப்புட்டேனேங்க" என்றாள். தாலியோடுதான் போனாள். கடைசிவரை தாலியோடுதான் இருந்தாள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அந்த லயம் இப்போது இல்லை. அங்கே தேயிலைக் கன்று நட்டுவிட்டார்கள். கோட்டுக் கடை சைக்கிள் கடையாகிவிட்டது. நானாவும் இல்லை. அந்தப் பெயர் தெரிந்த ஆள் இந்த ஜில்லாவில் நான் ஒருவன்தான்.

இன்று பஸ்ஸில் உதடுவரை வந்தது. சொல்லவில்லை.