அன்னமுன்னாவுக்கு நாவூறு

செல்வமலருக்குக் கால் ஓரிடத்தில் தரிக்காது. தாய் வழி முழுக்க அப்படித்தான். தாய் நின்றபடியே சோறு தின்னுவார். பெரியதாய் கலியாண வீடுகளில் மணவறைக்கும் அடுப்படிக்கும் இடையில் நடந்தே செருப்புத் தேய்த்தவர். இவள் டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டுகிற கூடத்தில் இருபத்திரண்டு வருடம் நின்று வேலை செய்தவள். முழங்கால் நோவென்று டாக்குத்தர் வீட்டில் இருத்திவிட்டார். இருத்தினால் இருப்பாளா? அந்த வாரம் தின்ற, சீத்தா இனத்து அன்னமுன்னாப் பழத்தின் கொட்டை ஒன்றைத் தயிர் வாளியில் ஊன்றினாள். ஏழு வருடத்தில் அது செயின்ட்-மிஷேல் வீட்டின் பின்பக்கக் கண்ணாடி அறையில் ஆளுயர மரமாக நின்றது.

மூன்று வசந்தம் பூத்தது. பிஞ்சு என்று ஒன்றில்லை. இது நாலாவது.

இம்முறை கெடுவும் வைத்தாயிற்று. மகள் சாருஜா இரண்டு பிள்ளைகளோடும் ஒட்டாவாவை விட்டு ஜூலை முதலாம் தேதி வீட்டோடு இருக்க வருகிறாள். பிள்ளைகளின் கட்டிலுக்கு அந்த அறைதான் என்று புருஷன் யோகேந்திரன் அளவு நாடாவோடு நின்றார்.

"காய்ச்சால் நிக்கட்டும். இல்லாட்டி வெட்டத்தான் வேணும், மலர். வெளியிலை வைச்சால் பனிக்குச் செத்துப்போம்."

"காய்க்கும்."

"போன வருசமும் இதைத்தானே சொன்னனீர்."

ஏன் காய்க்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கத்தரின்தான். மரம் முதல் பூத்தபோது வேலிக்கு அப்பால் நின்று, "எவ்வளவு அழகு!" என்று வாய்விட்டுச் சொன்னாள். மறுநாள் பூவெல்லாம் நிலத்தில். நாவூறு என்றால் வேறென்ன? அன்றைக்கே கண்ணாடிக்கு மெல்லிய சேலை ஒன்றைக் கட்டி மறைத்தாள். கத்தரின் வேலியில் நின்று "பொன்ழூர்" என்று வணக்கம் சொன்னால் இவளும் சொல்லுவாள். ஆனால் கதவை உடம்பால் அடைத்துக்கொண்டுதான் சொல்லுவாள்.

ஏப்ரலில் இருபது மொட்டு வந்தது. எழும்பியதும் எண்ணினாள், தேத்தண்ணி குடித்ததும் எண்ணினாள், சமையலுக்கு நடுவில் அகப்பையோடு போய் எண்ணினாள். ஒவ்வொன்றாக விழுந்தது. ஆறு மிஞ்சிய அன்று அவளுக்குப் பொறுக்கவில்லை. செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து மரத்தை மூன்று தரம் சுற்றி, அறைக்குள்ளேயே சட்டியில் போட்டுக் கொளுத்தினாள்.

புகை மணி வீடே அதிர அலறியது. யோகேந்திரன் துவாயை வீசிக்கொண்டு ஓடிவந்தார்.

"மரத்துக்கு நாவூறு கழிச்சு மனுசரைக் கொல்லப் போறீரோ?"

"கத்தாதேங்கோ! சனம் வரப்போகுது."

சனம் வந்துவிட்டது. பின்கதவைத் தள்ளிக்கொண்டு, இருமி இருமி, கையில் தீயணைப்பு உருளையோடு கத்தரின் நின்றாள். நெருப்பில்லை என்று கண்டதும் அவள் பார்வை நேரே மரத்துக்குப் போனது. செல்வமலர் பாய்ந்து முன்னால் நின்றாள். அவளைவிட மரம் உயரம், என்னத்தை மறைப்பது?

கத்தரின் குனிந்து உதிர்ந்த பூ ஒன்றை எடுத்து விரித்துப் பார்த்தாள். பிரெஞ்சில் மெதுவாகக் கேட்டாள்:

"இதற்கு யார் மகரந்தம் வைக்கிறது?"

"ஒருவரும் இல்லை."

"வண்டு?"

"வீட்டுக்குள் வண்டு எப்படி வரும்?"

"அப்படியானால் காய் எப்படி வரும்?"

முப்பது வருடம் கண்ணாடிக் கூடங்களில் கன்று வளர்த்துச் சம்பளம் வாங்கியவள் அவள். இந்தப் பூ முதல் நாள் பெண், மறுநாள் ஆண் என்று விரலால் பிரித்துக் காட்டினாள். இதழ் சற்றே விரிந்தால் பெண்; நன்றாக விரிந்து தூள் கொட்டினால் ஆண். ஆண் ஆகிறபோது அதன் பெண் நேரம் முடிந்துபோகும். இன்றைய தூளை எடுத்து வைத்து, நாளை விரிகிற பூவுக்குப் பூசவேண்டும்.

"மூன்று வருடமாக வேலிக்கு அப்பால்தானே நிற்கிறேன். கேட்டிருக்கலாமே," என்றாள்.

 செல்வமலர் சட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போய், கோப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

அன்று பின்னேரம் விரிந்த இரண்டு பூவின் தூளை மருந்துப் போத்தலில் தட்டி எடுத்தாள். விடிந்ததும் பேத்தி விட்டுப்போன வர்ணத் தூரிகையால் மற்ற நாலு பூவுக்கும் பூசினாள்.

"சாருஜாவுக்கு மாப்பிளை பார்க்கேக்கையும் நீர் இவ்வளவு ஓடேல்லை," என்றார் யோகேந்திரன்.

"அவள் தானாய்த் தேடினவள். இது தேடுமோ?"

ஒரு கிழமைக்குள் மூன்று பூ காம்போடு விழுந்தது. நாலாவதன் இதழ் மட்டும் உதிர்ந்தது. காம்பில் மிளகளவு பச்சையாக ஏதோ நின்றது. அதைப் பிஞ்சு என்று வாயால் சொல்ல அவள் பயந்தாள். யோகேந்திரனுக்கும் காட்டவில்லை.

ஜூலை முதலாம் தேதி, ஊரே வீடு மாறுகிற நாள், தெரு முழுக்கச் சாமான் லொறிகள். சாருஜாவின் பெட்டிகள் விறாந்தை வரை வந்துவிட்டன. யோகேந்திரன் அளவு நாடாவை இழுத்தபடி கண்ணாடி அறைக்குள் போனார். உள்ளே சத்தத்தையே காணவில்லை. செல்வமலர் ஓடிப்போய்ப் பார்த்தால், மனுசன் இலையை விலக்கி, தேசிக்காயளவு நின்ற காயை மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எப்ப வந்தது?"

"மேயிலை."

"எனக்கொரு சொல் சொல்லேல்லை."

"உங்கடை வாயும் வாய்தானே."

அவர் நாடாவைச் சுருட்டினார். "தம்பிமார், கட்டிலை பேஸ்மென்டிலை இறக்குங்கோ!" என்று லொறிக்காரரைப் பார்த்துக் கத்தினார்.

செல்வமலருக்குக் கண் கலங்கியது. மரத்தடியில் நாற்காலி போட்டு, அன்றைக்குத்தான் ஒழுங்காக இருந்தாள். பழுக்க ஒக்டோபர் ஆகும் என்று கத்தரின் சொல்லியிருந்தாள். ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் என்று விரல் மடக்கினாள். மூன்றாம் விரல் மடங்க முதல், பேரன் காற்பந்தை உதைத்துக்கொண்டு அறைக்குள் வந்தான்.

"அப்பு ராசா, நில்லடா!"

முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழும்பி ஓடினாள்.