மஞ்சுநாத் சொன்ன ‘பிடி’

டூல்ரூமில் மஞ்சுநாத்தோடு வேலை பார்த்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். அவர் போய்விட்டார் என்று அவர் மனைவி சரோஜாம்மா போன் செய்தபோது நான் ஓசூர் பஸ் ஸ்டாண்டில் ஊத்தங்கரை பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். உடனே உங்களில் நாலு பேருக்குச் சொன்னேன். நாலு பேரும் ஒரே கேள்விதான் கேட்டீர்கள்: “பிளேன்லயா?” இல்லையப்பா. மூக்கண்டப்பள்ளி வீட்டில் குளிக்க வெந்நீர் போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தவர் எழவில்லை. மாரடைப்பு. வானத்தில் குட்டிக்கரணம் போட்ட மனிதருக்கு இப்படியொரு சாதாரண சாவா என்று எனக்குக் கோபமே வந்தது.

அந்த விமானத்தை வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் அவரே கட்டினார். மேலொன்று கீழொன்றாக இறக்கை, முன்னும் பின்னுமாக இரண்டு சீட். வெறும் இரும்புக் குழாய்ச் சட்டமாக நின்ற காலத்தில் பக்கத்து வீட்டம்மா அதைக் கோழிக்கூண்டு என்று நினைத்து, முட்டை எப்போது கிடைக்கும் என்று கேட்டார். “ரெக்கை முளைக்கட்டும்மா, சொல்றேன்” என்றார் இவர்.

பறக்கிறவர்கள் சொல்லும் ‘ஸ்டால்’ எனக்குப் புதிது, டீ ஸ்டால்தான் தெரியும். அவர் கையைத் தட்டையாக நீட்டிக் காட்டுவார். “மூக்கை ரொம்பத் தூக்கினா ரெக்கை ஸ்ட்ரைக் பண்ணிடும், தாங்காது. அப்போ ஓட்டுற குச்சியை இழுக்கக் கூடாது. முன்னால விடணும். மூக்கு இறங்கினா எல்லாம் சமாதானம் ஆயிடும்.” மேனேஜருக்கும் இதே வைத்தியம்தான் என்பார். பெரிய விமானம் முதலில் நடுங்கிக் காட்டுமாம். இவருடையது சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பக்கமாகக் கவிழும்.

அனுமதியெல்லாம் வாங்கி, பல மாதம் தனியாக ஓட்டிப் பார்த்த பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னை முன்சீட்டில் உட்காரவைத்தார். அவர் பின்னால். ஆளுக்கொரு குச்சி, இரண்டும் சேர்ந்தே அசையும். “சும்மா கை வெச்சுப் பாருங்க ரீ” என்று மூக்கைத் தூக்கினார். எஞ்சின் சத்தம் அடங்கியது. சட்டென்று இடது இறக்கை சரிந்து, கீழே ஏரி ராட்டினம் சுற்றியது. நான் குச்சியை இரண்டு கையாலும் நெஞ்சோடு இழுத்து அணைத்துக்கொண்டேன். காதில் அவர் குரல்: “பிடி, பிடி.” பிடித்தேன். “பிடி ரீ!” இன்னும் கெட்டியாகப் பிடித்தேன். ஏரி பெரிதாகிக்கொண்டே வந்தது.

பயத்தில் மனிதருக்குத் தாய்மொழி வந்துவிட்டது. கன்னடத்தில் ‘பிடி’ என்றால் ‘விடுங்கள்’ என்று அர்த்தம். மகராசன், உயிர் போகிற நேரத்திலும் ‘ரீ’ போட்டு மரியாதை குறையாமல் சொன்னார். ‘பிடோ’ என்று வாடா போடாவாகத் திட்டியிருந்தால் புரிந்திருக்கும். கடைசியில் “வதலண்டி” என்று தெலுங்குக்கு மாறினார். என் மாமியார் வீடு தெலுங்கு. அந்த மொழியில் விடச் சொன்னால் எனக்கு விட்டுப் பழக்கம். விட்டேன். குச்சி முன்னால் போனது, அவர் எதிர்ப்பக்க மிதியை மிதித்தார், சுற்று நின்றது.

இறங்கியதும் கத்தினேன். “ஏன்யா, தமிழ்ல சொல்லித் தொலைக்கக் கூடாதா?”

“இத்தனை வருஷம் ஓசூர்ல இருக்கீங்க, கன்னடம் கத்துக்கக் கூடாதா ரீ?”

டீ ஸ்டாலில் சிரித்துச் சிரித்து இருவராலும் கிளாஸைப் பிடிக்க முடியவில்லை.

அந்தக் கதையை அவர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார் என்பது உங்களுக்கே தெரியும். அவர் இல்லாமல் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. அவரை எடுத்த அன்று, வண்டியில் ஏற்றிய பிறகும் பாடை மூங்கிலைப் பிடித்துக்கொண்டே நின்றேன். டிரைவர் கதவைச் சாத்தக் காத்திருந்தார். சரோஜாம்மா வந்து என் கைமேல் கை வைத்து, “பிடி சார்” என்றார். நான் இன்னும் கெட்டியாகப் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்தார். அழுகைக்கு நடுவே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“வதலண்டி” என்றார்.

விட்டேன்.

அவரிடமிருந்து எனக்கு மிச்சம் ‘பிடி’ என்ற அந்த ஒரு சொல்தான். அவர் அதைக் கன்னடத்தில் சொன்னார். நான் தமிழிலேயே வைத்துக்கொள்கிறேன்.