லூர்து அண்ணாவின் கண்ணைக் கெடுத்தது குடி அல்ல

லூர்து அண்ணா இன்று காலை போய்விட்டார். ஹார்ட் அட்டாக். பெங்களூர் விவேக் நகர் வீட்டிலேயே...

எங்கள் பழைய ஆபீஸில் டெலிபோன் ஆபரேட்டர். பார்வை கிடையாது. நாம் 'ஹலோ' சொல்லி முடிப்பதற்குள் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார். தமிழா கன்னடமா என்பதையும் அவரே முடிவு செய்வார்.

ஆபீஸ் வாட்ஸப் குரூப்பில் ஒருவர் எழுதியிருக்கிறார்: "நல்ல மனுஷன். பாவம், குடிச்சே கண்ணைக் கெடுத்துக்கிட்டார்."

அதனால்தான் இந்தப் பதிவு.

இளவயதில் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பாலம் கட்டும் வேலைக்குப் போனவர் அவர். ஆற்றோரத்திலேயே ஏழு வருடம். அங்கே ஒரு சின்னக் கறுப்பு ஈ உண்டு. அது கடித்துக் கடித்து உடம்புக்குள் புழு சேர்ந்துவிட்டது.

பெங்களூர் திரும்பியபின் ஓயாத அரிப்பு. இங்கே இல்லாத நோய், யாருக்கும் தோன்றவில்லை. சொறி என்று களிம்பு கொடுத்தார்கள். 'ரிவர் பிளைண்ட்னெஸ்' என்று ஒரு டாக்டர் கண்டுபிடித்தபோது புழு கண் வரை போய், பார்வை போயிருந்தது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அந்தக் குடிக் கதையை நம்பினேன். கேன்டீனில் தோழியிடம் சொல்லியும்விட்டேன். அவர் எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததைக் கவனிக்கவில்லை.

"ஏம்மா, குடிச்சிருந்தா கொஞ்ச நாள் ஜாலியாவாவது இருந்திருப்பேனே! ஈ கடிச்சுப் போச்சும்மா. ஈ!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஸாரி கேட்கப் போனால், "அதை வச்சு நான் என்ன பண்ண? சொன்னவங்ககிட்ட போய் மாத்திச் சொல்லு" என்றார்.

தோழியிடம் மாற்றிச் சொன்னேன். மற்றவர்கள் பேசியபோதெல்லாம் சும்மா இருந்தேன்... இத்தனை வருடம்.

ஒரு வியாழக்கிழமை குழந்தை இயேசு கோவிலில் ஒரு ஆன்ட்டி அவர் கையைப் பிடித்து இழுத்தார். "முன்னாடி வாப்பா, குழந்தை இயேசு கண்ணைத் திறப்பார்."

"ஆன்ட்டி, நான் என் பொண்ணு எக்ஸாமுக்கு வேண்டிக்க வந்திருக்கேன். கியூவைக் கெடுக்காதீங்க."

அந்த மகள்தான் இன்று மதியம் போன் செய்தாள். "அக்கா, குரூப் மெசேஜை எனக்கும் யாரோ அனுப்பினாங்க. அப்பா குடிச்சதே இல்லைக்கா..."

குரூப்பில் எழுதிவிட்டேன். குடி இல்லை, புழு என்று. நோயின் பெயரோடு.

"சாவு வீட்டுல எதுக்கும்மா இந்த ஆர்க்யுமென்ட்?" என்று ஒருவர் கேட்கிறார்.

சாவு வீட்டில்தான் சார். இன்றைக்கு விட்டால் அந்தக் குடிக் கதை அப்படியே நின்றுவிடும்.

நாளை காலை அடக்கம். அங்கே யார் கிசுகிசுத்தாலும் சத்தமாகவே சொல்வேன்.

போய் வாங்க, அண்ணா.