துரைசாமி அண்ணனின் வெடிமருந்து ரயில்

துரைசாமி அண்ணன் போய்விட்டார். நேற்று காலையில். நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லையாம்.

எனக்குச் செய்தி வந்தது இங்கிலாந்திலிருந்து. நான் இருப்பது திருப்பூர் நல்லூரில், அவர் வீடு பக்கத்துப் பொங்கலூரில். பஸ் ஏறினால் போய்விடலாம். ஆனால் இன்று காலை மெயிலைத் திறந்தால், எங்கள் கம்பெனியில் பனியன் வாங்கிய பழைய பையர் கீத் 'ஸாரி' என்று எழுதியிருக்கிறார்!

அண்ணன் மகன் அவருக்கு உடனே சொல்லிவிட்டான். எனக்கு வேறு யாராவது சொல்லியிருப்பார்கள் என்று எல்லோருமே நினைத்துக்கொண்டார்களாம்.

அழுகைக்கு முன்னால் வயிற்றெரிச்சல்தான் வந்தது. மறைப்பானேன்... அந்த மனுஷனை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது அதுதான்.

தெரியாதவர்களுக்காக. நாங்கள் இருவரும் ஒரே பனியன் கம்பெனி. நான் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்த மெர்ச்சண்டைசர், பையர்களோடு ஆர்டர் பேசுகிறவன்; அவர் அயர்ன், பேக்கிங் எல்லாம் பார்க்கிற ஃபினிஷிங் இன்சார்ஜ். இரண்டு பேருக்கும் பொம்மை ரயில் பைத்தியம்.

பொம்மை என்றால் அவருக்குக் கோபம் வரும். "மாடல்னு சொல்லுங் தம்பி."

என்னுடையது எக்ஸ்பிரஸ். ஜெர்மன் செட். அவர் செய்தது ராணுவ டெப்போ ரயில். இளவயதில் பட்டாளத்தில், வடக்கே ஒரு வெடிமருந்துக் கிடங்கில் இருந்தவர். அங்கே குண்டுப் பெட்டிகளைக் கிடங்குக்குக் கிடங்கு இழுத்துப் போகும் குட்டி நேரோ கேஜ் ரயில் உண்டு.

அதைக் காலியாகக் கிடந்த தன் கோழி ஷெட்டில் அப்படியே கட்டினார். ஒவ்வொரு கிடங்கைச் சுற்றியும் மண்மேடு. ஒன்று வெடித்தால் அடுத்தது தப்ப வேண்டுமே.

அசல் இஞ்சினே ஆள் நடக்கிற வேகம்தானாம், இது எறும்பு வேகம். சுமப்பது குண்டாயிற்றே... ஷெட்டின் அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் கையில் இருக்கும் டீ ஆறிவிடும்.

நடுவில் கரண்ட் போய்விட்டால், "சைரன் அடிச்சுப்போட்டானுங்க, அல்லாரும் கம்முனு நில்லுங்க" என்பார். நிற்போம். கரண்ட் வரும்வரை ஒருத்தரும் நகர மாட்டார்கள். என் எக்ஸ்பிரஸை இரண்டு சுற்றுக்கு மேல் நின்று பார்த்தவர் கிடையாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போயிருந்தோம். திரும்பும்போது பைக்கின் பின்னால் இருந்து என் மனைவி சொன்னாள். "உங்க ரயிலு சுத்துது. அண்ணன் ரயிலு எங்கயோ போகுது."

நான் ஆக்ஸிலரேட்டரை முறுக்கினேன்.

மண்மேட்டுக்குப் புல் வேண்டும் என்றார். நிட்டிங் மெஷினில் பறக்கிற பஞ்சுத் தூசிக்குச் சாயம் ஏற்றலாம் என்று ஐடியா கொடுத்தது நான். இதை எல்லோரும் குறித்துக்கொள்ளவும். டையிங் லேப்பில் கெஞ்சி ஒரு பச்சை போட்டு எடுத்துப் போனேன்.

"இது ஊட்டிப் பச்சைங் தம்பி. டெப்போவுல ஏது மழை? வெயில்ல காஞ்ச பச்சை வேணுமுங்."

ரிஜெக்ட்.

அடுத்ததில் மஞ்சள் கூடிவிட்டதாம். அதுவும் ரிஜெக்ட். அதற்கு அடுத்ததை வெயிலில் நீட்டிப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்து... "ம்" என்றார். கலர் ஓகே ஆனால் பையர்கூட ஒரு தேங்க்ஸ் எழுதுவான்.

கீத் ஒருமுறை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தபோது, அண்ணன் அவரைப் பொங்கலூருக்குக் கூட்டிப்போய்விட்டார். ஆள் சாயங்காலம் வரை திரும்பவில்லை. நான் ஆபீஸில் சாம்பிள்களை விரித்துவைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எத்தனை சீசன் அந்த ஆளோடு மெயிலில் மாரடித்திருப்பேன்... எனக்குக் கல்யாணமானதுகூட அவருக்குத் தெரியாது. அண்ணனிடம் ஒரே நாளில் தோளில் கை போட்டுவிட்டார்.

கீத் முதலில் கேட்டதே அந்தப் புல்லைத்தானாம். இப்படி ஒரு பச்சை எங்கே கிடைத்தது என்று. "திருப்பூர் கலர் சார்" என்றாராம் அண்ணன். அவ்வளவுதான். கூடப் போன டிரைவர் சொன்னான். என் பெயர் அதில் எங்கேயும் இல்லை.

அதற்குப் பிறகு கீத் அனுப்புகிற கூரியரில் எனக்கு ரிஜெக்ட் ஆன கலர் சாம்பிள்கள், அவருக்குக் குட்டிக் குட்டிச் சக்கரங்கள். பிரித்துக் கொண்டுபோய் அவர் கையில் கொடுக்கிற வேலையும் எனக்கே.

இன்று மத்தியானம் போனேன். உடலை எடுத்து, எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அண்ணன் மனைவி, அக்கா, அழுதார். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்.

"ரயில கீத்துக்கு அனுப்போணும்னு சொல்லீட்டே இருப்பாருங் தம்பி. எனக்கு ஒண்ணுன்னா அந்தத் தம்பியக் கூப்புடு, அவனாட்டப் பேக்கிங் பண்ண ஆளில்லீன்னும் சொல்லுவாருங்."

பேக்கிங்!

இத்தனை வருஷத்தில் என்னைப் பற்றி அவர் சொன்னதாக நான் கேட்ட ஒரே நல்ல வார்த்தை. அதுவும் கீத்துக்கு அனுப்புவதற்காக. ஆனால் சொன்னது ஃபினிஷிங் இன்சார்ஜ்... மலை மலையாகக் கார்ட்டன் பார்த்தவர். சரி என்று வாங்கிக்கொண்டேன்.

அக்கா ஷெட்டைத் திறந்துவிட்டார். "கழட்டறதுக்கு முன்னால ஒருக்கா ஓட்டிப் பாருங் தம்பி. அவரு இருந்தா ஆரையும் தொட உடமாட்டாரு."

ஆமாம், ஒருநாள்கூட என்னை விட்டதில்லை. கண்ட்ரோலரை மெதுவாகத்தான் திருப்பினேன். இஞ்சின் அசையவில்லை. இன்னும் துளி... குபீரென்று பாய்ந்து, முதல் வளைவிலேயே தடம் புரண்டது. பின்னால் வந்த குண்டு வண்டிகள் எல்லாம் மண்மேட்டில் குப்புறக் கவிழ்ந்தன.

கையை எடுத்துவிட்டு நின்றேன். ஷெட்டில் யாரும் என்னைத் திட்டவில்லை.

அப்போதுதான் அழுகை வந்தது.

போய்ட்டு வாங்கண்ணே. நாளைக்குக் கார்ட்டனும் டேப்பும் எடுத்துட்டு வர்றேன்.