தானாக வந்து சொன்னவன்

ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியின் விளையாட்டு ஆசிரியர் ஒருநாள் மத்தியானம் எங்கள் வார்டுக்கு வந்தார். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் வாடகைக்கு வீடு எடுத்துக்கொண்டு, போதை மறுவாழ்வு வார்டில் நர்ஸாக இருந்த காலம் அது. என் தம்பி அந்தக் கல்லூரியின் பாஸ்கெட்பால் அணியில் ஆடிக்கொண்டிருந்தான். அந்த வகையில் அவர் எனக்குப் பழக்கம். வெயிலில் கறுத்துப்போன, எதையும் சிரித்துக்கொண்டே பேசுகிற மனிதர். அன்றைக்கு முகத்தில் சிரிப்பு இல்லை.

“தம்பிக்கு ஒண்ணுமில்ல சிஸ்டர், பயந்துராதீங்க” என்றுதான் ஆரம்பித்தார்.

வெளியூர்ப் போட்டிக்குப் போய்வந்த வேனைக் கழுவும்போது சீட்டுக்கு அடியில் கஞ்சாப் பொட்டலம் ஒன்று கிடந்திருக்கிறது. யாருடையது என்று கேட்டதற்கு ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. நிர்வாகத்துக்கு விஷயம் போய்விட்டது. அவர்கள் நடவடிக்கை எடுப்பதற்குள் பையன்களிடம் யாராவது பேச வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது.

“நான் சொன்னா கேக்க மாட்டானுக. ‘அது வெறும் செடி சார், சாராயம் மாதிரி கிடையாது’ன்னு எனக்கே பாடம் எடுக்கானுக. நீங்க வந்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. அது அடிமையாக்குமா, ஆக்காதா?”

மறுநாள் சாயங்காலம் போனேன். பயிற்சி முடிந்து, கோர்ட்டை ஒட்டிய சிமெண்டுப் படிகளில் பையன்கள் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தம்பி எல்லாருக்கும் பின்னால் மேல்படியில் இருந்தான். குனிந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவன் என்னைப் பார்க்கவேயில்லை. அக்கா பேச வந்திருப்பதில் கூச்சப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு தடவை இழுத்தால் வாழ்க்கையே போச்சு என்று அவர்களிடம் ஏற்கெனவே பலர் பேசியிருப்பார்கள். இழுத்தும் ஒன்றும் ஆகாத நாலு பேரை அவர்களுக்கே தெரிந்திருக்கும். நானும் அதையே சொன்னால் மற்ற எதையும் நம்ப மாட்டார்கள். அதனால் வார்டில் பார்த்ததை உள்ளபடி சொன்னேன். தொட்ட எல்லாரும் அடிமையாவதில்லை. கொஞ்ச நாளில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விட முடியாமல் மாட்டிக்கொள்கிறவர்களும் உண்டு. சின்ன வயதில் ஆரம்பித்தால், தினமும் இழுத்தால், மாட்டிக்கொள்வது சுலபம். யார் மாட்டுவார், யார் தப்புவார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல எங்களுக்கே தெரியாது.

மேல்படியிலிருந்து தம்பியின் குரல் வந்தது. “அப்போ எல்லாரும் ஆவதில்லைங்கது நெசந்தானா, மேடம்?”

என்னை மேடம் என்று கூப்பிட்டதும் பையன்கள் சிரித்துவிட்டார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. “நெசந்தான். ஆனா...” என்று தொடர்ந்தேன். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று ஆளாளுக்குப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ‘ஆனா’வுக்குப் பிறகு நான் சொன்னது எத்தனை பேர் காதில் விழுந்ததோ. தம்பி நல்ல கேள்வியாகக் கேட்டான் என்று பஸ்ஸில் வரும்போது பெருமைப்பட்டுக்கொண்டு வந்தேன்.

பொங்கலை ஒட்டிய விடுமுறைக்கு அவன் ஊருக்குப் போனான். எங்கள் ஊர் தேவதானம். அப்பா உயிரோடு இருக்கும்வரை விவசாயம் பார்த்தார். அதற்குப்பின் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அம்மா மட்டும் அங்கே இருந்தாள். அவளிடமிருந்து போன் வந்தது.

“ஏட்டி, தம்பிக்கு என்னமோ ஆயிப்போச்சு. ரெண்டு வாய்க்கு மேல சோறு எறங்க மாட்டேங்குது. பொட்டுத் தூக்கம் கிடையாது. என்னலே செய்யிதுன்னு கேட்டா தட்டை விட்டு எறியுதான். எம்பிள்ள இப்படிப் பண்ற பிள்ளையா? நீ செத்த வந்து பாரு.”

லீவு போட்டுவிட்டுப் போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தான். மார்கழிக் குளிரிலும் பனியனெல்லாம் வியர்வை. ஒரு கால் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. வார்டில் இப்படி ஒருவன் உட்கார்ந்திருந்தால் என்னவென்று வாசலிலிருந்தே சொல்லியிருப்பேன். என் தம்பியைப் பார்த்ததும் மஞ்சள்காமாலையாக இருக்குமோ என்று கண்ணை இழுத்துப் பார்த்தேன். அது இல்லை என்று தெரிந்த பிறகு, யாராவது பெண்ணோடு சண்டையா என்று கேட்டேன்.

“வெளிய வா, சொல்லுதேன்” என்றான்.

கிணற்றுப் பக்கம் நடந்தோம்.

“நிறுத்திட்டேன்க்கா. அதான் இப்படி இருக்கு.”

எதை என்று நான் கேட்கவில்லை.

இரண்டாம் வருடத்திலிருந்து பழக்கம். முதலில் மேட்ச் முடிந்த அன்றைக்கு மட்டும். பிறகு படுக்கப் போகும்முன் தினமும். பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு வருகிறது, மூத்திரம் எடுத்துப் பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னதால் தானாகவே விட்டிருக்கிறான். விட்டபிறகுதான் அது எவ்வளவு இறுகப் பிடித்திருக்கிறது என்று அவனுக்கே தெரிந்தது.

“நீதானக்கா சொன்ன, எல்லாரும் ஆவதில்லைன்னு. நான் ஆகாத ஆளுன்னு நெனச்சுக்கிட்டேன்.”

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வேன் பொட்டலம் உன்னுடையதா என்று மட்டும் கேட்டேன். இல்லை என்றான். யாருடையது என்று அவனுக்குத் தெரியும். சொல்ல மாட்டேன் என்றான். நானும் வற்புறுத்தவில்லை.

விளையாட்டு சாரிடம் போய்ச் சொல்லிவிடலாம் என்று சொன்னது நான்தான். “வேண்டாம்க்கா, தூக்கிருவாக” என்று கெஞ்சினான். அவர் நல்ல மனிதர், தானாக வந்து சொல்கிற பையனைக் கைவிட மாட்டார் என்றேன். நான் சொன்னதில் தப்பில்லை. அவர் நல்ல மனிதர்தான்.

விளையாட்டு அறையில் பந்துகளுக்கு நடுவே எங்களை உட்கார வைத்து முழுவதையும் கேட்டார். கேட்டுவிட்டுத் தம்பியின் தோளில் கை போட்டார்.

“கொஞ்ச நாளைக்கு மேட்ச் கிடையாது. ஆனா தெனமும் கோர்ட்டுக்கு வரணும், ஓடணும். அக்கா சொல்ற டாக்டரைப் போய்ப் பாக்கணும். டீம் ஒன்னய விடாதுலே. நீயும் டீமை விட்றாத.”

தம்பி அழுதுவிட்டான். அப்பா இறந்தபோது அழுததற்குப் பிறகு அவன் அழுது அன்றுதான் பார்த்தேன்.

அந்த வார்த்தையைக் காப்பாற்றக் கல்லூரி அவரை விடவில்லை. வேன் விஷயத்தை விசாரித்துக்கொண்டிருந்த நிர்வாகத்திடம் அவர் மறைக்கவும் முடியாது. சொன்னார். அவர்கள் எங்களை அழைத்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அணியிலிருந்தும் விடுதியிலிருந்தும் நீக்கி அறிவிப்புப் பலகையில் தாள் ஒட்டிவிட்டார்கள். சாயங்காலம் சார் போன் செய்தார்.

“தானா வந்து சொன்ன பையன் சார்னு மன்றாடிப் பாத்தேன் சிஸ்டர். ஒருத்தனை விட்டா பத்துப் பேர் கெட்டுப்போவான், பத்துப் பேருக்குப் பயம் வரணும்னு சொல்லிட்டாங்க.”

பயம் வரத்தான் செய்தது. அதற்குப்பின் அந்த அணியில் ஒருவனும் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. பொட்டலத்துக்குச் சொந்தக்காரன் கடைசிவரை ஆடிப் பட்டம் வாங்கிப்போனானாம். சில வருடங்கள் கழித்து, தம்பிக்கு ஜூனியராக ஆடிய ஒருவனை அவன் அம்மா எங்கள் வார்டுக்குக் கூட்டிவந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தான். காலேஜில் இருக்கும்போதே ஏன் வரவில்லை என்று கேட்டேன். “அண்ணனுக்கு நடந்ததைப் பாத்தோம்லக்கா” என்றான்.

விடுதி போனதும் தம்பி என் வீட்டில் வந்து தங்கி, பஸ்ஸில் ராஜபாளையம் போய்வந்தான். வகுப்பு முடிந்து, மற்றவர்கள் கோர்ட்டுக்குப் போகிற நேரத்துக்கு அவன் பஸ் ஸ்டாண்டுக்கு நடக்க வேண்டும். வீட்டுக்கு வந்தால் நான் சாயங்கால டியூட்டியில் இருப்பேன். ஊரில் அந்த மோசமான நாட்களைப் பல்லைக் கடித்துத் தாண்டி வந்தவன், என் வீட்டில் வெறும் சாயங்காலத்தைத் தாண்ட முடியாமல் மறுபடி தொட்டுவிட்டான். குளியலறையில் வாடையைக் கண்டுபிடித்துக் கத்தினேன்.

“தூக்கம் வராதது, சோறு எறங்காதது எல்லாம் தாங்கிட்டேன்க்கா. இந்த அஞ்சு மணியத்தான் தாங்க முடியல” என்றான்.

எங்கள் வார்டு டாக்டரே அவனைப் பார்த்தார். நான் உள்ளே போகாமல் வெளி பெஞ்சில் இருந்தேன். விட்டான், தொட்டான், மறுபடி விட்டான். ஒரு கட்டத்தில் விட்டது விட்டதாகவே நின்றது. அதற்குள் படிப்பு முடிந்திருந்தது. பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு அவன் போகவே இல்லை. இப்போது நூல் மில் ஒன்றில் சூப்பர்வைசர். கல்யாணமாகி ஒரு மகள் இருக்கிறாள். பாஸ்கெட்பால் ஆடுவதில்லை. கேட்டால் முழங்கால் வலி என்கிறான்.

கல்லூரிகளிலிருந்து பேசக் கூப்பிட்டால் நான் இப்போதும் போகிறேன். அதே உண்மையைத்தான் சொல்கிறேன். எல்லாரும் அடிமையாவதில்லை, ஆனால் ஆகிறவர்கள் உண்டு. பேசுவதற்கு முன் முதல்வரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் பேசி முடித்ததும் ஒரு பையன் எழுந்துவந்து, ‘எனக்கு இருக்கு’ என்று சொன்னால் அவனை என்ன செய்வீர்கள்? நேராகப் பதில் சொன்னவர்கள் குறைவு. ஒரு கல்லூரியில் அதற்குப்பின் என் பேச்சையே ரத்து செய்துவிட்டார்கள்.

போன மாதம் அம்மாவைப் பார்க்கத் தேவதானத்துக்கு ஒன்றாகப் போனோம். திரும்புகையில் பஸ்ஸுக்காக நிற்கும்போது, இவ்வளவு நாள் கேட்காததைக் கேட்டேன். “அன்னைக்கு ஒன்னய சார்ட்ட கூட்டிப்போனதுக்கு எம்மேல கோவமாலே?”

“இல்லக்கா. சொன்னது நல்லதுதான். சொல்லலைன்னா நான் இன்னும் அதுலயேதான் கெடந்திருப்பேன்.”

பஸ் வருகிறதா என்று ரோட்டில் இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு வந்தான்.

“கஞ்சா நெனப்பு இப்பல்லாம் வாரதே இல்லக்கா. கோர்ட்டுதான் இன்னும் சொப்பனத்துல வருது. ஆடிக்கிட்டே இருக்கேன், யாரோ வெளிய கூப்பிடுதாக. அம்புட்டுத்தான், முழிச்சிருவேன்.”

பஸ் வந்தது. கூட்டமாக இருந்தது. எனக்கு ஜன்னலோரம் இடம்பிடித்துக் கொடுத்துவிட்டு அவன் நின்றுகொண்டே வந்தான்.