மூலையில் மூன்று நிற நூல்

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் அந்தக் கூடத்தில் அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர். தள்ளுவண்டியை ஏன் அந்தக் கோடியில் நிறுத்துகிறோம், தலையணை உறை ஏன் கடைசியில் வருகிறது என்று எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பாள். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே நாத்தனார்தான். "அண்ணி, அங்க வந்து வாயைக் கொஞ்சம் கட்டிப்போடுங்க" என்று முதல் நாளே சொல்லித்தான் அழைத்துப் போனாள்.

ஆறு பெண்கள் நீள மேசையைச் சுற்றி நிற்பார்கள். உலர்ந்து வரும் விரிப்புகளை ஒவ்வொன்றாக உதறி, அளவு பார்த்து, அறுவை அறைக்கு, பெரியவர் வார்டுக்கு, குழந்தைகள் வார்டுக்கு என்று பிரிக்க வேண்டும். எல்லாம் ஒரே வெள்ளை. வேலை முடிவதற்குள் தோள்பட்டை விட்டுப்போகும்.

புதிதாக யோசிக்கக் கற்றுக்கொடுக்க நிர்வாகம் ஒரு நாள் பயிற்சியாளர் ஒருவரை வரவழைத்தது. மற்றவர்கள் கொட்டாவி விட்டார்கள். கேள்விக்காரி கண் கொட்டாமல் கேட்டாள்.

"ஒரு வேலையை எப்படிச் சரி பண்றதுன்னு புரியலையா? எப்படிக் கெடுக்கலாம்னு தலைகீழா கேளுங்க. விடை தானா வரும்" என்றார் அவர்.

"துணி பிரிக்கிறதைக் கெடுக்கணும்னா, எல்லாத்தையும் ஒரே மாதிரி வச்சு, விரிச்சாத்தான் தெரியும்னு பண்ணணும்" என்ற கேள்விக்காரி, தானே சிரித்துவிட்டாள். "அதைத்தானே சார் தினமும் பண்றோம்!"

விரிப்பின் மூலையில் சிவப்பு, நீலம், பச்சை என்று வார்டுக்கு ஒரு நூல் தைத்துவிட்டால் உதற வேண்டியதே இல்லை என்றாள். தைத்துப் பார்த்தார்கள். நாள் முழுக்க இழுத்த வேலை மதியத்தோடு முடிந்தது. ஆறு பேரும் முதல் முறையாக உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் அவளுக்குச் சான்றிதழ் கொடுத்தார். பிறந்தது முதல் வாயை மூடு என்று கேட்டே வளர்ந்தவளுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை.

அடுத்த மாதம் மேலாளர் மூன்று பேரைக் கூப்பிட்டு, நாளை முதல் வர வேண்டாம் என்றார். அதில் நாத்தனாரும் ஒருத்தி.

"வேலைதான் பாதியாயிடுச்சேம்மா, ஆறு பேர் எதுக்கு?" என்றார், கேட்கப் போன கேள்விக்காரியிடம்.

நாத்தனாரும் அதே வீட்டில்தான் இருந்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. "நான்தானே உங்களைக் கூட்டிட்டுப் போனேன்" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். புருஷன்காரன்தான் ஆடித் தீர்த்தான். "பெரிய மூளை! என் தங்கச்சி வயித்துல அடிச்ச மூளை!"

கேள்விக்காரி சும்மா இருக்கவில்லை. கிழிந்த விரிப்புகளைத் தூக்கிப் போடாமல் தலையணை உறையாகத் தைக்கலாம், நாத்தனாருக்குத் தையல் தெரியும் என்று மேலாளரிடம் போய்ச் சொன்னாள். "பிரமாதம்மா!" என்றார் அவர். அந்த வார்த்தையை நம்பி வீட்டுக்கு ஓடினாள். நாத்தனார் பரணிலிருந்து தையல் மிஷினை இறக்கி, துடைத்து, எண்ணெய் விட்டு வைத்தாள். இரண்டு வாரம் கழித்து ஒரு வேன் வந்து கிழிசல்களை அள்ளிக்கொண்டு போனது. வெளியே யாரோ ஒப்பந்தம் எடுத்திருந்தார்கள்.

"யோசனை உங்களுதுதாம்மா. யாருக்குக் கொடுக்கணும்கிறது எங்க முடிவு" என்றார் மேலாளர்.

அன்று வீட்டுக்குள் நுழையும்போதே நாத்தனார் கேட்டாள். "எப்ப வரச் சொன்னாங்க, அண்ணி?"

வேன் வந்து போனதை அவள் சொன்னாள். நாத்தனார் மிஷின் மேல் உறையை இழுத்து மூடினாள். அந்த மாதமே வேறு தெருவில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தில் படிக்கட்டு கழுவும் வேலை கிடைத்து, அங்கேயே ஒரு அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள்.

வாரத்துக்கு ஒரு தடவை போன் செய்கிறாள். கேள்விக்காரி எடுத்தால், "அண்ணன் இருக்காரா?" என்று மட்டும் கேட்கிறாள்.