ஆடு கொடுத்த மன்னிப்பு

மொரப்பூர்ப் பக்கத்துத் தீர்த்தம்மாள் 'மன்னிப்பு' என்ற சொல்லை டிவி சீரியலில்தான் கேட்டிருக்கிறாள். அதன் வேர் எது என்று புலவர்கள் மல்லுக்கட்டட்டும். அவள் வீட்டில் புழங்கிய சொல் 'பொறுத்துக்கோ'. பொறுத்தல் என்றால் ஆதியில் சுமத்தல். சரியான சொல்தான். புருஷன் குடித்துவிட்டு அடித்தபோதும், அவன் செத்தபின் பங்காளிகள் வரப்பை நகர்த்தியபோதும் ஊர் அதைத்தான் சொன்னது. சொன்னவர் எவரும் சுமைக்கு ஒரு கை கொடுத்ததில்லை.

இந்த முறை சுமை அவள் கிணற்றில் மிதந்தது. கொழுந்தன் மாதவராஜ் தன் பண்ணையில் செத்த பிராய்லர் கோழிகளைத் தீவனச் சாக்கில் கட்டி உள்ளே வீசியிருந்தான். சாக்கு கிழிந்து, ஊதிப்போன கோழிகளும் புழுக்களுமாய்த் தண்ணீர் நுரைத்தது. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அவனே இறங்கி அள்ள வேண்டும்.

ஊர்ப் பெரியதனக்காரர் கருப்பண்ணன் தீர விசாரித்தார். தீர்ப்பு: மாதவராஜ் மாரியம்மனுக்கு ஒரு கிடா வெட்ட வேண்டும். மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் அது சிலுப்பினால் ஆத்தா பொறுத்துவிட்டாள், வழக்கு முடிந்தது. தீர்த்தம்மாளை யாரும் கேட்கவில்லை. ஆடு இருக்கும்போது அவளை எதற்குக் கேட்பது?

கிடா நியாயஸ்தன். எத்தனை செம்பு ஊற்றியும் அசையவில்லை.

"காதுல ஊத்துங்கடா!" என்றார் கருப்பண்ணன்.

ஊற்றினார்கள். சிலுப்பியது.

"ஆத்தா பொறுத்துக்கிட்டா!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. பொறுத்தருளிய கிடாவுக்கு மறுநிமிடம் தலை இல்லை.

சாயங்காலம் ஏப்பம் விட்டுக்கொண்டே, கறிக்குழம்புத் தூக்குடன் மாதவராஜ் அவள் வாசலுக்கு வந்தான். உதட்டோரம் கறிநெய் மினுங்கியது.

"அண்ணி, ஆத்தாவே பொறுத்துக்கிட்டா. நீங்களும் பொறுத்துக்கங்க."

குழம்பு வாசனையும் கிணற்று நாற்றமும் வாசலில் கலந்தன.

"வாங்க தம்பி. வூட்டுக்கு வந்தவங்களுக்கு மொதல்ல தண்ணி குடுக்கணும்ல?"

கிணற்றில் மொண்டு வந்து செம்பை நீட்டினாள். உள்ளே ஒரு வெள்ளை இறகு மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

"அண்ணி... இது..."

"ஆத்தா பொறுத்துக்கிட்ட தண்ணிதானுங்க. குடிங்க."

முகத்தருகே வந்த செம்பின் நாற்றமே போதுமாயிருந்தது. மாதவராஜ் வாசலிலேயே குந்தி, தின்ற கிடாவை முழுசாகத் திருப்பிக் கொடுத்தான்.

"கொப்பளிக்கத் தண்ணி... அண்ணி, நல்ல தண்ணி..."

தீர்த்தம்மாள் வாளியையும் கயிற்றையும் அவன் முன்னால் வைத்தாள்.

"நல்ல தண்ணி அடியில இருக்குது தம்பி. மேல கெடக்கறத அள்ளிப் போட்டுட்டு, எறைச்சு எடுத்துக்கங்க."